போர் விமான சிமுலேட்டரில் நடுவானில் எரிபொருள் நிரப்புவதை எல்லோருக்கும் எட்டச் செய்வது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது. அவரும் நண்பர்களுமாக எட்டுப் பேர் ஞாயிறு இரவுகளில் டி.சி.எஸ். வேர்ல்டு என்ற கணினி சிமுலேட்டரில் ஒன்றாகப் பறக்கிறார்கள். நீண்ட தூரப் பயணம் என்றால் வழியில் டேங்கர் விமானத்திடம் எரிபொருள் வாங்கியாக வேண்டும். மூன்று பேருக்குத்தான் அது கைவந்திருக்கிறது. மற்ற ஐந்து பேருக்காக ‘அளவற்ற எரிபொருள்’ தேர்வைப் போட்டால் பழகியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். போடாவிட்டால் ஐந்து பேரும் பாதி வழியில் விழுந்துவிடுகிறார்கள். எளிமையாக்குவது ஏமாற்று வேலையா, இல்லையென்றால் எப்படிச் செய்வது என்று கேட்கிறார். விமானத்தை ஓட்டும் ஜாய்ஸ்டிக்கைப் பற்றியும் கேட்கிறார்.

தம்பி, ஏமாற்று வேலை இல்லை. புதுச்சேரியில் எங்கள் சிறிய குழுவிலும் இதே வழக்கு நெடுநாள் ஓடியது. இரண்டு தரப்பும் சண்டை போட்டது தவறான இடத்தில் என்பது என் கருத்து. நடுவானில் எரிபொருள் நிரப்புவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எவ்வளவு எரிபொருளோடு கிளம்புவது, எந்த இடத்தில் எந்த நேரத்தில் டேங்கரைச் சந்திப்பது, யார் முதலில் குடிப்பது, கிடைக்காவிட்டால் எந்த ஓடுதளத்துக்குத் திரும்புவது என்ற கணக்கு முதல் வேலை. டேங்கருக்குப் பின்னால் விமானத்தை அசையாமல் நிறுத்தும் கைவேலை இரண்டாவது. கைவேலையை வேண்டிய மட்டும் எளிமையாக்குங்கள். கணக்கில் கை வைக்காதீர்கள். ‘அளவற்ற எரிபொருள்’ தேர்வின் குற்றம் அது எளிதாக இருப்பதில் இல்லை. கணக்கையும் சேர்த்து அழித்துவிடுவதில் இருக்கிறது.

எஃப்-16 போர் விமானம் தன் உடலுக்குள் சுமக்கும் எரிபொருள் ஏறத்தாழ 3,200 கிலோதான். தாழ்வான உயரத்தில் ஆஃப்டர்பர்னரை (எரிபொருளைக் கொட்டி எஞ்சினுக்குக் கூடுதல் உந்து விசை தரும் அமைப்பு) முழுதாகப் போட்டால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. எரிபொருள் தீராது என்று தெரிந்துவிட்டால் ஆஃப்டர்பர்னரிலிருந்து யாரும் கையை எடுக்க மாட்டார்கள். கூடுதல் டாங்கிகளை மாட்டுவதா, அந்த இடத்தில் ஏவுகணை வைப்பதா என்ற கேள்வியே எழாது. எதிரியைத் துரத்துவதா, வீடு திரும்புவதா என்ற நெருக்கடி வராது. உங்கள் குழுவில் பழகிய மூவரின் கோபம் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கணக்கு எவ்வளவு சுவையானது என்பதற்கு 1982-ஆம் ஆண்டு பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின் முதல் ‘பிளாக் பக்’ தாக்குதலைப் படித்துப் பாருங்கள். அசென்ஷன் தீவிலிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை ஸ்டான்லி ஓடுதளம் வரை கொண்டுசேர்க்க, பிரிட்டன் 11 விக்டர் டேங்கர்களைக் கிளப்பியது. டேங்கருக்கு டேங்கர் எரிபொருள் கொடுத்து, கொடுத்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி, கடைசியில் வல்கனுடன் ஒரு டேங்கர் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது திட்டம். வழியில் கொந்தளிப்பான காற்றில் ஒரு விக்டரின் எரிபொருள் வாங்கும் குழல் முறிந்துவிட்டது. அந்த இடத்திலேயே இரண்டு டேங்கர்கள் தங்கள் பொறுப்பை மாற்றிக்கொண்டன. யாருக்கு எவ்வளவு மிச்சம், யார் திரும்பினால் யார் பிழைப்பார் என்று இருட்டில், கடலுக்கு மேலே போட்ட கணக்கு அது. விளையாட்டில் நாம் காப்பாற்ற வேண்டியது இந்த மாதிரி ஒரு தருணம் நேரும் வாய்ப்பைத்தான்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களின் 222-ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அந்த விமானத்தின் மூக்குக்கு அருகே, இடப்பக்கத்தில், தேவைப்படும்போது வெளியே நீளும் எரிபொருள் குழல் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கிளம்பும் விமானம் இந்தியப் பெருங்கடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நிர்ணயிப்பவற்றில் அந்தக் குழல் முக்கியமானது. நம் தேஜஸ் 2018 செப்டம்பர் 10 அன்று ஐ.எல்.-78 டேங்கரிடமிருந்து முதன்முறையாக எரிபொருள் வாங்கியது. 20,000 அடி உயரத்தில் 1,900 கிலோ.

இனி கைவேலைக்கு வருகிறேன். ‘நிஜத்தில் கடினம், ஆகவே விளையாட்டிலும் கடினமாக இருக்க வேண்டும்’ என்று வாதிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிஜ உலகம் இந்த வேலையை எளிதாக்கத்தான் பல பத்தாண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. எரிபொருள் கொடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் டேங்கர் ‘பூம்’ என்ற விறைப்பான குழாயை நீட்டுகிறது. மற்றொன்றில் டேங்கர் ஒரு நெளியும் குழாயைப் பின்னால் இழுத்து வருகிறது; அதன் நுனியில் உள்ள புனல் போன்ற ‘கூடை’க்குள் விமானி தன் குழலைச் செருக வேண்டும். அமெரிக்க விமானப்படையின் பூம் முறையில், குழாயைத் துவாரத்துக்குள் செலுத்துவது போர் விமானி இல்லை. டேங்கரில் இருக்கும் பூம் இயக்குநர். விமானி ஒரு பெட்டி அளவுள்ள இடத்தில் அசையாமல் நின்றால் போதும். அதற்கும் உதவியாக கே.சி.-135 டேங்கரின் வயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள் எரிகின்றன: ஒன்று மேலே போ, கீழே வா என்று சொல்லும், மற்றொன்று முன்னே வா, பின்னே போ என்று சொல்லும். எஃப்-16-இல் எரிபொருள் துவாரத்தின் கதவைத் திறந்தால், வேகம் 400 நாட்டுக்கு (மணிக்குச் சுமார் 740 கிலோமீட்டர்) கீழே இருக்கும்போது, விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி தரையிறங்கும் நேரத்து மென்மையான நிலைக்கு மாறிக்கொள்கிறது. ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, தொட்டதும் துள்ளும் விமானம் சற்று அடங்குகிறது. 2022-இல் ஏர்பஸ்ஸின் ஏ330 எம்.ஆர்.டி.டி. டேங்கர், பகல் நேரத்தில் பூமைத் தானாகவே செலுத்தி இணைக்கும் முறைக்குச் சான்றிதழ் பெற்றது. அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், ஆளில்லாத எக்ஸ்-47பி விமானம் டேங்கரிடம் தானாகப் போய் எரிபொருள் வாங்கிக் காட்டிவிட்டது. உண்மையான விமானிக்கு இத்தனை உதவி உண்டு. மஞ்சக்குப்பத்தில் மேசை மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஏன் கூடாது?

அவருக்கு உதவி இன்னும் கூடுதலாகவே தேவை. உண்மையான விமானிக்கு இரண்டு கண்ணாலும் ஆழம் தெரிகிறது. தட்டையான திரையில் ஆழம் இல்லை. வேகம் கூடுவதும் குறைவதும் அந்த விமானிக்கு முதுகிலும் இருக்கையிலும் முதலில் தெரிகிறது. நமக்குத் திரையில் படம் நகர்ந்த பிறகுதான் தெரிகிறது. அந்தத் தாமதத்தால்தான் நாம் தேவைக்கு மேல் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தள்ளுகிறோம், பிறகு தேவைக்கு மேல் இழுக்கிறோம், விமானம் ஊஞ்சலாடத் தொடங்குகிறது. விளையாட்டில் தரப்படும் உதவி, திரை பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சிமுலேட்டர் தயாரிப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு முன்மாதிரி பழைய ஃபால்கன் 4.0-இலேயே இருக்கிறது. 1998-இல் வெளிவந்த அந்த விளையாட்டில், மற்ற எதையும் தொடாமல் எரிபொருள் நிரப்பும் கடினத்தை மட்டும் படிப்படியாகக் குறைக்கும் தேர்வு உண்டு. ‘படிப்படியாக’ என்பதுதான் முக்கியம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற ஒற்றை சுவிட்சால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. என்னிடம் கேட்டால் முதல் படியில் இணைப்பு ஏற்படும் எல்லையைப் பெரிதாக்குவேன்; கூடை சில அடி தள்ளி இருந்தாலும் குழல் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்ததாக, இணைந்த பிறகு சற்று விலகினால் உடனே அறுந்துபோகாமல் சில வினாடி பொறுத்திருக்க வேண்டும். இணைவதைவிட இணைந்தே இருப்பதுதான் புதியவர்களை அழவைக்கிறது. எரிபொருள் ஏற ஏற விமானம் கனக்கிறது, அதற்கேற்ப விசையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாவதாக, டேங்கருக்கு அருகில் வந்ததும் வேகத்தைத் தானாகப் பொருத்தித் தரும் த்ராட்டில் உதவி; ஸ்டிக் மட்டும் நம் கையில். நான்காவதாக, எல்லாவற்றையும் கணினியே செய்வது.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் டேங்கரைத் தேடிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், எரிபொருள் ஏறும் நிமிடங்களைச் செலவிட வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கணினியே பறந்து நிரப்பினாலும் நேரம் குறையாது என்றால், அசலாகப் பறந்து நிரப்புபவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. மேலும் இந்தத் தேர்வு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தேவைப்படும் உதவியை எட்டுப் பேருக்கும் திணிப்பதால்தான் உங்கள் குழுவில் சண்டை.

கண்ணுக்கும் காதுக்குமான உதவிகளும் வேண்டும். டேங்கரின் விளக்குகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் அர்த்தம் வேறு. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அதே செய்தியை எழுத்தாலோ அம்புக்குறியாலோ திரையில் காட்டுவது சில நாள் வேலைதான் என்று நினைக்கிறேன். பூம் இயக்குநர் ‘முன்னே பத்து, மேலே இரண்டு’ என்று குரலால் வழிநடத்துவதை, காது கேளாதவர்களுக்குப் பெரிய எழுத்தில் காட்டலாம்.

தயாரிப்பாளர்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஞாயிறு பயணத்தை வடிவமைப்பது நீங்கள்தானே, பயணத்தை அமைக்கும் மிஷன் எடிட்டர் பக்கத்திலேயே நிறையச் செய்யலாம். புதியவர்களின் டேங்கர் பெரும்பாலும் தப்பான வேகத்தில் பறக்கிறது. எடிட்டரில் நாம் வழக்கமாகத் தட்டுவது தரைவேகம். விமானியின் கருவி காட்டுவது காற்றுவேகம்; உயரே காற்று மெலிந்திருப்பதால் கருவி குறைவாகவே காட்டும். 20,000 அடியில் கருவியில் 300 நாட் வர வேண்டுமென்றால் எடிட்டரில் சுமார் 400 நாட் கொடுக்க வேண்டும். 300 என்றே தட்டிவிட்டால் டேங்கர் ஊர்ந்துபோகும்; பின்னால் வரும் எஃப்-16 மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடும்; ஓட்டுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். இந்த ஒன்றைத் திருத்தியதும் எங்கள் குழுவில் பாதிப் புகார் நின்றுபோனது.

அடுத்தது டேங்கரின் பாதை. குறுகிய வட்டத்தில் சுற்றவிட்டால் இணைந்த நேரத்தில் அது திரும்பத் தொடங்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்குக் குறையாமல் நேர்கோடு வையுங்கள். காகசஸ் வரைபடத்தில் கருங்கடல் கரையோரமாக அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. காற்றையும் கொந்தளிப்பையும் பூஜ்யமாக்குங்கள். முன்னே போகும் விமானம் கிளப்பும் சுழற்காற்றைக் காட்டும் தேர்வை அணைத்துவிடுங்கள். நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். அந்தி வெளிச்சம் படத்துக்கு அழகு, பழகுவதற்கு ஆகாது. எஃப்/ஏ-18 கூடை முறையில் எரிபொருள் வாங்குவது; அதை ஓட்டுபவர்களுக்கு எஸ்-3பி டேங்கரையோ, இறக்கையில் கூடை தொங்கும் கே.சி.-135 எம்.பி.ஆர்.எஸ். வகையையோ கொடுங்கள். எஃப்-16-க்குப் பூம் உள்ள சாதாரண கே.சி.-135. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டேங்கர்களை வேறு வேறு உயரத்தில் வையுங்கள், வரிசையும் குறையும்.

பறக்கும் முறையைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கூடையைப் பார்க்காதீர்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருவர் பக்கத்துப் பக்கத்து பைக்குகளில் பேசிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவரின் கைப்பிடியை உற்றுப் பார்த்து யாரும் இடைவெளி காப்பதில்லை, முழு வண்டியும் கண்ணில் இருக்கிறது. டேங்கரும் அப்படியே. அதன் இறக்கையும் எஞ்சினும் உங்கள் முன்கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகின்றன என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடை ஓரக்கண்ணில் இருந்தால் போதும். கூடைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் நின்று, விமானத்தை ட்ரிம் செய்து (ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே நேராகப் பறக்கும்படி சரிசெய்து), அசைவு அடங்கிய பிறகு, டேங்கரைவிட இரண்டு மூன்று நாட் மட்டும் கூடுதலாக வைத்து நகருங்கள். அது மனிதன் நடக்கும் வேகம். தவறினால் துரத்த வேண்டாம். பின்னே வந்து மறுபடி தொடங்குங்கள்.

ஜாய்ஸ்டிக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் இரண்டு ஊருக்கும் உரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு: கடற்காற்று. விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் அசைவை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர்; அதற்குள் உலோகத் துண்டு ஒன்று கரித்தடத்தின் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. தேவனாம்பட்டினமோ குருசுக்குப்பமோ, கடலுக்குப் பக்கத்து வீட்டில் ஈரமும் உப்பும் அதில் படிந்து, கையை அசைக்காமலே அளவு துள்ளத் தொடங்கும். சண்டையில் அது தெரியாது. டேங்கருக்குப் பின்னால் உடனே தெரியும். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் அந்தப் புள்ளியை ஒரு நிமிடம் கவனியுங்கள். புள்ளி நடுங்கினால் குற்றம் உங்கள் கையில் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, முழு அசைவில் பலமுறை ஆட்டினால் பெரும்பாலும் சரியாகும். புதிதாக வாங்குவதானால் ஹால் சென்சார் உள்ளதைப் பாருங்கள். காந்தத்தால் அளப்பதால் உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. பயன்படுத்தாத நேரத்தில் ஒரு துணியால் மூடி வைப்பது எல்லா வகைக்கும் நல்லது.

ஜாய்ஸ்டிக் நன்றாக இருந்தால், டி.சி.எஸ். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஸ்டிக்கின் வளைவு அளவை 15 முதல் 25 வரை வைத்துப் பாருங்கள். நடுவில் அசைவு மென்மையாகும். டெட்ஸோனை, அதாவது ஸ்டிக்கை அசைத்தாலும் கணக்கில் வராத நடுப்பகுதியை, முடிந்தவரை குறைவாக வையுங்கள். அது கூடினால் நடுவில் ஒன்றும் நடக்காமல் இருந்து திடீரென்று விமானம் நகரும், ஊஞ்சலாட்டம் இன்னும் கூடும். சண்டைக்கு ஒரு வளைவும் டேங்கருக்கு ஒரு வளைவும் வேண்டுமென்றால், ஜாய்ஸ்டிக் கிரெம்லின் என்ற இலவச மென்பொருள் ஒரு பொத்தானில் மாற்றித் தரும்.

எங்கள் குழுவில் நெய்வேலியிலிருந்து ஓய்வுபெற்று முத்தியால்பேட்டையில் குடியேறிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். வலது கையில் நடுக்கம். திட்டம் போடுவதில் எங்களில் யாரும் அவருக்கு இணை இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரிடம் எவ்வளவு எரிபொருள் இருக்க வேண்டும் என்று பழைய டைரியில் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். டேங்கரிடம் மட்டும் அவரால் நிற்க முடியவில்லை. ஸ்டிக்கைச் சமாளித்தால் த்ராட்டில் தவறும், த்ராட்டிலைப் பார்த்தால் ஸ்டிக் தவறும். கணினியில் இரண்டு கருவிகளைச் செருகி ஒரே விமானத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதால், த்ராட்டிலைத் தனியே கழற்றி மேசையின் மறுபக்கம் வைத்தோம். பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ‘கொஞ்சம் கூட்டு… போதும்… விடு, விடு’ என்று அவர் சொல்ல, அவள் ஒரு விரலால் த்ராட்டிலை நகர்த்துவாள். கூடையின் பக்கத்து விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறி, எரிபொருள் ஏறுகிறது என்று காட்டியபோது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை ஏமாற்று என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட அடாப்டிவ் கன்ட்ரோலரும் இதே எண்ணத்தில் செய்யப்பட்டதுதான்: பெரிய பொத்தான்கள், யாருக்கு எந்தக் கையோ காலோ ஒத்துழைக்கிறதோ அதற்கேற்ற கருவியைச் செருகும் துளைகள்.

இவ்வளவுக்குப் பிறகும் இணைய முடியாதவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டை நீங்களும் முயன்று பார்க்கலாம். பயணக் கோப்பில், டேங்கர் பாதைக்கு அருகே வானிலேயே தொடங்கும் கூடுதல் விமானங்களைச் சிலவற்றை வையுங்கள். எரிபொருள் டேங்கர் தரக்கூடிய அளவுக்கு மட்டும். இணைய முடியாதவர் டேங்கரைத் தேடிப் போய், தன் முறை வரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் நூறு அடிக்குள் ஐந்து நிமிடம் அணிவகுத்துப் பறக்க வேண்டும். கூடையைத் தொட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் முடிந்ததும் அந்தக் கூடுதல் விமானத்துக்கு மாறிக்கொள்வார். ஏற்கெனவே செலவழித்த ஆயுதங்களைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அணிவகுக்கவும் முடியாதவருக்கு, முன்னால் ஓர் ஓடுதளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக் கிளம்பும் வழியை விட்டு வையுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பயணத்தில் இருப்பார்.

உங்கள் மூவரில் ஒருவரை முதல் சில வாரங்களுக்குச் சண்டைக்கு அனுப்பாமல் டேங்கர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் ‘இன்னும் ஐந்து அடி, அப்படியே இரு’ என்று குரல் கொடுத்தால் தட்டையான திரையில் தொலைந்த ஆழம் காது வழியாகக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் தலையிலேயே கட்டினால் அவர் சலித்துப்போவார்.